வலது வளைவுக்கு முன்னால் ஒரு சத்தம்

என் மனைவி ரேஸ் பார்க்க வருவதில்லை, கேட்க வருவாள். ட்ராக்குக்கு வந்த மற்றவர்கள் எல்லாம் மேடையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டி நீட்டிக் கார்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவள் மட்டும் நேர்ப்பாதை முடிகிற இடத்துக்குப் போய், அங்கே இருக்கும் வேகமான வலது வளைவுக்கு எதிரில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நிற்பாள். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டிருப்பாள். தெரியாதவர்கள் பார்த்தால், பாவம், இந்தப் பெண்ணுக்குத் தலைவலி போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அவள் ஒரே ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிற சத்தம் அது.

நான் பெரிய ரேஸ்காரன் ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆரணியில் ஆளாளுக்கு ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஒருவர் என்னை வெளிநாட்டுக்கே அனுப்பிவிட்டார். நான் தினமும் கம்பெனி பஸ் ஏறி, செய்யாறு பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய், இரும்புத் துண்டுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிற ஆள். வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும், சென்னைக்கு வெளியே ஒரு ட்ராக்கில், என்னைப்போலவே திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்களோடு சேர்ந்து ஃபார்முலா கார் ஓட்டுகிறேன். இதுவரை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு கோப்பை. அதில் என் அம்மா ஊதுவத்தி செருகி வைத்திருக்கிறாள்.

ஃபார்முலா கார் என்றால் ஒரே ஆள் உட்காரும் கார். உட்காருவது என்றுகூடச் சொல்ல முடியாது, கால் நீட்டிப் படுத்துக்கொள்ள வேண்டும். நான்கு சக்கரமும் வெளியே தெரியும். கூரை கிடையாது. போன பொங்கலுக்கு என் மாமனார் கைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள, மூடியே காணோம். மழ வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பினேன். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் அது ஒன்றுதான் உருப்படியானது.

நாங்கள் ஓட்டும் பந்தயத்தில் கார்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒரே இன்ஜின், ஒரே டயர். காரின் மேல் பழி போட்டுத் தப்பிக்க வழியில்லை. மீதி இருப்பது இரண்டு விஷயம்தான்: ஓட்டுகிறவனின் கால், அவனுக்குக் கீழே இருக்கும் தரை. தரை காய்ந்திருந்தால் காலுக்கு ஒரு கணக்கு, ஈரமாக இருந்தால் வேறு கணக்கு. பாதி காய்ந்து பாதி ஈரமாக இருக்கும்போதுதான் பேஜார். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் தரை வேறொன்றாக இருக்கும். போன சுற்றில் பிடித்த இடம் இந்தச் சுற்றில் பிடிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ட்ராக்கில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை கமிட்மென்ட். வீரம் என்று அதை மொழிபெயர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த வலது வளைவையே எடுத்துக்கொள்ளுங்கள். தரை காய்ந்திருந்தால், நேர்ப்பாதையில் வந்த வேகத்திலேயே, மிதித்த காலை எடுக்காமல் அதைக் கடந்துவிடலாம். கார் அதற்குத் தாங்கும். உடம்புதான் தாங்காது. தூரம் காட்டும் பலகைகள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் ஓடும்போது வயிறு மேலே ஏறும், வலது கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். அந்தக் காலை அங்கேயே வைத்திருப்பதுதான் கமிட்மென்ட். வளைவுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டால் ஒரு ஆபத்தும் இல்லை, கொஞ்சம் நேரம் போகும், அவ்வளவுதான். எடுக்காமலே போய்விட்டாலும் பெரும்பாலும் ஆபத்து இல்லை. போவேன் என்று உள்ளே நுழைந்துவிட்டு, நடு வளைவில் பயந்து காலை எடுப்பது இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். பின்னால் அரிசி மூட்டை கட்டிய டிவிஎஸ்ஸைத் திருப்பத்தில் வைத்துச் சட்டென்று வேகம் குறைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வண்டி நிற்க நினைக்கும், மூட்டை போக நினைக்கும்.

மூட்டைக் கதை எனக்குச் சும்மா வரவில்லை. என் அம்மா ஆரணியில் ஒரு ரைஸ்மில் களத்தில் நெல் காயவைக்கும் வேலை செய்தவள். எனக்குப் பள்ளிக்கூடம் விட்டால் வீடு கிடையாது, களம்தான். அவித்த நெல்லை ஆவியோடு கொண்டுவந்து கொட்டிப் பரப்புவார்கள். அந்தப் பெரிய சிமெண்டுத் தரையில் எங்கே சூடு, எங்கே ஈரம், எங்கே வழுக்கும் என்று என் உள்ளங்காலுக்குத் தெரியும். நெல் ஊறவைக்கும் தொட்டிப் பக்கம் எப்போதும் தண்ணீர் கசிந்து பாசி பிடித்திருக்கும். தலையில் கூடையோடு வரும் பெண்கள் விழாமல் இருக்க, அந்த இடத்தில் உமிச் சாம்பலை அள்ளி இறைப்பார்கள். கறுத்த ஈரத் தரையில் வெளுப்பாக ஒரு திட்டுத் தெரிந்தால் அது கால் வைக்கிற இடம். "டேய், சாம்பல் மேல கால வெச்சி வாடா" என்று அம்மா கத்துவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. பிற்பாடு மில்லின் பழைய வேனை ஓட்டிப் பழகியதும் அதே களத்தில்தான். நெல் இல்லாத மழை நாட்களில், யாரும் இல்லாதபோது, தொட்டிப் பக்கம் திரும்பும்போது சக்கரத்தைச் சாம்பல் மேல் விட்டுத் திருப்புவேன். ஒரு தடவைகூட வழுக்கியதில்லை.

என் மனைவிக்குச் சொந்த ஊர் முள்ளிப்பட்டு. அவள் வீட்டில் கூடத்திலேயே தறி. மாமனாரும் மாமியாரும் மாறி மாறி நெய்வார்கள். அவளுக்குத் தறியில் உட்காரப் பிடிக்காது, படித்துவிட்டு ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் காது மட்டும் அந்த வீட்டுக் காதுதான். புறக்கடையில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதே, "இழை அறுந்துடுச்சு, அப்பா எழுந்துக்கப் போறாரு" என்பாள். ஒரு கணம் கழித்து உள்ளே தறி நிற்கும். கல்யாணமான புதிதில் இதை நான் ஏதோ வித்தை என்று நினைத்து எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "காதுன்னு ஒன்னு கீது, கேக்குது. இதுல இன்னா கீது?" என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் முதன்முதலாக ட்ராக்குக்கு வந்த நாளில் எனக்குப் பந்தயம் மதியத்துக்கு மேல். காலையில் ஓடிய வேறொரு பந்தயத்தை இருவரும் அந்த வலது வளைவுக்கு எதிரில் நின்று பார்த்தோம். ஒரு பையன், கல்லூரி முடித்தவனாக இருப்பான், வளைவுக்குள் நுழைந்து நடுவில் சுழன்று, டயர் அடுக்கிய சுவரில் போய் மோதினான். காரிலிருந்து அவனை எடுக்க நேரமாயிற்று. பிழைத்துக்கொண்டான். ஆனால் எடுக்கிற வரைக்கும் அவள் என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஓட்டாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை ஜெயித்தும் இருப்பேன். அவள் கேட்டது வேறு. "அந்தப் பையன் மோதறதுக்கு முன்னாடி வந்த காருங்கள்ல சிலது இங்க வரும்போது சத்தம் எறங்குச்சு. சிலது எறங்கல. எறங்குனா இன்னா அர்த்தம்?" என்று கேட்டாள். காலை எடுத்தால் இறங்கும் என்றேன். "அப்ப நீங்க இந்த ஒரு எடத்துல மட்டும் கால எடுத்துருங்க. மத்த எடத்துல எப்டினா போங்க. எனக்கு இது ஒன்னு போதும்."

எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. சரி என்றேன்.

அன்று மதியம் ஒவ்வொரு சுற்றிலும் பலகைகளுக்கு முன்னால் காலை எடுத்தேன். பந்தயம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது அவள் பக்கத்தில் வந்து, "கேட்டுச்சு" என்றாள். அன்றிலிருந்து அதுவே எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. அவள் வராத நாட்களில் நான் போன் போட்டு, "எல்லா சுத்துலயும் எடுத்தேன்" என்பேன். ஆரணியில் அடுப்படியில் நின்றுகொண்டு, "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்பாள். கேலிதான். ஆனால் அந்த வார்த்தை வந்த பிறகுதான் எனக்கே பந்தயம் முடிந்த மாதிரி இருக்கும்.

வாக்குக் கொடுப்பது சுலபம். அதோடு வருஷக்கணக்கில் கார் ஓட்டுவது கஷ்டம். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பல் டாக்டர் வருவார். மற்ற எல்லா இடத்திலும் நான் அவரைவிட வேகம், இதை அவரே ஒப்புக்கொள்வார். அந்த ஒரு வளைவில் நான் காலை எடுப்பேன், அவர் எடுக்க மாட்டார், என்னைத் தாண்டிப் போய்விடுவார். ஒவ்வொரு பந்தயத்திலும் அதே இடம், அதே ஆள். எனக்கும் அவருக்கும் நடுவில் ஏதோ ஒப்பந்தம் இருப்பதாக என் காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் கிண்டல் செய்வார். "அண்ணன் இங்க வந்தா சலாம் போட்டு வழி விட்டுடுவாரு" என்பார். சிரிப்பேன். சிரித்துவிட்டு வீடு வரும்வரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். அவள் மேல் கோபம் வரும். என் மேல் அதைவிட அதிகமாக வரும். என்னைக் கட்டிப்போட்டது அவளா, அல்லது அவளைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் பயந்தாங்கொள்ளியாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போயிற்று. அவள் கேட்காமல் இருந்திருந்தால் நான் எடுக்காமல் போயிருப்பேனா? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே மழை. ஆரணியிலிருந்து காரில் கிளம்பும்போது தூறிக்கொண்டிருந்தது, செய்யாறு தாண்டியதும் கொட்டியது. அவளும் கூட வந்தாள். வழியில் காஞ்சிபுரத்தில் இட்லி சாப்பிடும்போது, "ஈரமா இருந்தா இன்னும் முன்னாடியே எடுப்பீங்கல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டுவிட்டது. வெயில் வந்து, ட்ராக்கிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவித்த நெல்லைக் கொட்டியதும் களம் இப்படித்தான் இருக்கும். எனக்கு நன்றாக இருந்தது அந்தக் காட்சி, ஏதோ சொந்த இடத்துக்கு வந்த மாதிரி.

பந்தயம் தொடங்கியபோது பாதை பாதி காய்ந்திருந்தது. கார்கள் ஓட ஓட, ஓடிய தடம் காய்ந்துகொண்டே வந்தது, தடத்துக்கு வெளியே இன்னும் ஈரம். சில சுற்றுகள் போனதும் முன்னால் ஒரு காரில் இன்ஜின் போய், அந்த வலது வளைவின் வாயில் ஆயிலைக் கொட்டிவிட்டது. ட்ராக் ஊழியர்கள் வந்து அந்தக் காரை ஓரம் தள்ளிவிட்டு, ஆயில் மேல் எதையோ அள்ளி இறைத்தார்கள். வழுக்கும் என்று எச்சரிக்க மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி காட்டினார்கள். இரண்டொரு சுற்றுக்குப் பிறகு கொடியை எடுத்துவிட்டார்கள். அதுதான் விதி. அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று அர்த்தம், ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. எனக்கு இது நன்றாகத் தெரியும்.

கடைசிக்கு முந்தின சுற்றில் எனக்கு முன்னால் பல் டாக்டர். ஈரத்துக்குப் பயந்து அன்றைக்கு அவரும் அந்த வளைவில் காலை எடுத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நெருக்கமாக அவருக்குப் பின்னால் நான் அங்கே வந்ததே இல்லை. அவர் வளைவின் வெளிப்பக்கமாக ஒதுங்கினார். உள்பக்கம் காலியாக இருந்தது. அங்கே, கறுத்த தரையில், வெளுப்பாக ஒரு திட்டு.

சாம்பல் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. நினைக்க அங்கே நேரம் ஏது? கண் பார்த்தது, உடம்பு சாம்பல் என்று எடுத்துக்கொண்டது. ஆயில் மேல் இறைப்பது சிமெண்டுத் தூள் என்று இத்தனை வருஷமாகப் பார்த்து வருகிறேன். சிமெண்டுத் தூளில் ஈரம் பட்டால் குழைந்து வழுக்கும் என்று வீடு கட்டுகிற இடத்தைப் பார்த்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் காருக்குள் படுத்துக்கொண்டு, கண் டயர் உயரத்தில் இருக்க, ஆவி பறக்கும் தரையில் ஒரு வெளுத்த திட்டு வந்தபோது, என் காதில் விழுந்தது அம்மாவின் குரல்தான். சாம்பல் மேல கால வெச்சி வாடா.

பலகைகள் போய்க்கொண்டிருந்தன. காலை எடுக்கவில்லை.

அந்த ஒரு கணத்தைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. சந்தோஷமாக இருந்தது. மார்பெல்லாம் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. நான் பயந்தவன் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. முன்சக்கரங்கள் திட்டைத் தாண்டின. பின்சக்கரங்கள் அதன் மேல் ஏறியதும் பின்பக்கம் லேசாக வெளியே நகர்ந்தது. ஒரு சாண் நகர்ந்திருக்கும். அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருத்தியிருந்தால் நேராகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம் என்றார் மெக்கானிக் பிற்பாடு. அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஏனென்றால் என் கால் எழுந்துவிட்டது. வருஷக்கணக்காக அந்த இடத்தில் எழுந்து பழகிய கால். முன்னாலேயே எழுந்திருக்க வேண்டியது, தாமதமாக, எழவே கூடாத இடத்தில் எழுந்தது.

கார் சுழன்றது. வானம், வேலி, மறுபடி வானம். பின்பக்கமாகப் போய் டயர்ச் சுவரில் மோதி நின்றேன்.

தோள்பட்டை எலும்பும் வலது மணிக்கட்டும் உடைந்தன. முதலுதவி அறையில் படுக்கவைத்திருந்தபோது பல் டாக்டர் ஓட்டமாக வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் நல்லா இருக்கு சார்" என்றார். அவ்வளவு வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. விரல்களில் வேலிக் கம்பி அழுத்திய தடம் சிவந்து கிடந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வார்த்தைக்காக. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் வாயில் வைத்தாள்.

ஆரணி வந்து சேர்ந்த பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தேன்: ஆயில் கொட்டியிருந்தது, வழுக்கிவிட்டது. பொய்யில்லை. சொல்லச் சொல்ல அதற்கு ஒரு மெருகு வந்து, கடைசியில் ஆயில் ஒன்றுதான் அங்கே கார் ஓட்டியது போல ஆகிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "அதான் அது மேல சாம்பல் போட்டுட்டாங்கன்னு சொல்றியே. அப்பறம் எப்டிடா வழுக்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அது சாம்பல் இல்லம்மா என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. எனக்கு அவள் மேல் அவ்வளவு பாசம் வந்தது அப்போது. உலகத்தில் என் தப்பை அப்படியே செய்யக்கூடிய இன்னொரு ஆள் அவள்தான்.

என் மனைவி வந்தவர்களுக்குக் காபி போட்டாள், என் மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தாள், என்னிடம் ஆயிலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியதால் அவள்தான் எனக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"ஊரு பூரா ஆயில் ஆயில்னு சொல்லிகினு இருக்கீங்க" என்றாள்.

"ஆயில்தான?"

"நா ஆயிலக் கேக்கல." அடுத்த பொத்தானுக்குப் போனாள். "எப்பவும் அந்தப் பலகைங்களுக்கு முன்னாடியே சத்தம் எறங்கிடும். அன்னிக்கு எறங்கல. பலகை தாண்டி வந்துட்டீங்க, எறங்கல. வளைய ஆரம்பிச்சிட்டீங்க, அப்பவும் எறங்கல. அப்பறமாத்தான் எறங்குச்சு."

நானும் என் காலும் மட்டும் அறிந்த விஷயம் என்று அதை வைத்திருந்தேன்.

"அதுக்கு நடுவுல நா இன்னா நெனச்சேன் தெரியுமா?" என்றாள். "நீங்க மோதப் போறீங்கன்னு நெனைக்கல. ஓ, இவுரு இப்டித்தான் போவாரு போலன்னு நெனச்சேன். நா வராத அன்னிக்கெல்லாம் இப்டித்தான் போயிருப்பாரு, போயிட்டு எனக்குப் போன் பண்ணி எடுத்தேன்னு சொல்லியிருப்பாரு. நானும் இங்க அடுப்படில நின்னுகினு கேட்டுச்சு கேட்டுச்சுன்னு சொல்லிகினு இருந்திருக்கேன்."

"சத்தியமா இல்ல. அன்னிக்கு ஒரு தடவதான். மத்த எல்லா நாளும் எடுத்தேன்."

"சத்தியம்லாம் பண்ணாதீங்க." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பேன். "இருக்கலாம். எனக்கு எப்டித் தெரியும்? கேட்டாத்தான தெரியும்."

கடைசிப் பொத்தானைப் போட்டு, காலரைச் சரிசெய்தாள்.

"கை சரியானா நீங்க போங்க. நா தடுக்க மாட்டேன். நா மட்டும் இனிமே வர்ல. எடுத்தேன்னும் எங்கிட்ட சொல்லாதீங்க, எடுக்கலன்னும் சொல்லாதீங்க. எனக்கு ஒன்னும் கேக்க வேணாம்."

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வந்தாள். பள்ளமான இடங்களில் என் தோள் அதிராமல் கையால் தாங்கிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. வலி என்று ஆட்டோக்காரர் நினைத்திருப்பார்.

கை சரியாகி மாதங்கள் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். போக வேண்டாம் என்றும் இருந்தது. ஆனால் போகாமல் இருந்துவிட்டால் அந்த ஒரு கணம்தான் கடைசியாக நிற்கும், அதைத் தாங்க முடியாது போலிருந்தது. கிளம்பும்போது அவள் மோரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள்.

அன்று நல்ல வெயில். மாதக்கணக்கில் மழை இல்லாத தரை, ரப்பர் படிந்து, டயரைக் கெட்டியாகப் பிடித்தது. அந்த வளைவைக் கண்ணை மூடிக்கொண்டுகூட முழு வேகத்தில் போகலாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் சுற்றில் பலகைகளுக்கு முன்னாலேயே காலை எடுத்தேன். வேலிப் பக்கம் கண் போயிற்று. அங்கே யாரும் இல்லை. அடுத்த சுற்றிலும் எடுத்தேன். பல் டாக்டர் எப்போதும் போல அங்கே என்னைத் தாண்டினார், தாண்டும்போது கையைத் தூக்கி நலம் விசாரித்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் தாண்டிப் போனார்கள். கடைசிச் சுற்று வரை ஒன்றுவிடாமல் எடுத்தேன். பயந்து எடுக்கவில்லை, அவளுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் எடுத்தேன், அது எனக்கே தெரிந்தது. வருஷக்கணக்காக என்னை அரித்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இப்போது அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

காரைவிட்டு இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் கை தானாகப் போனை எடுத்தது. அவள் பெயர்தான் முதலில் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"அங்க மழையா?"

"இல்ல. நல்ல வெயில்."

"சாப்பாடு எடுத்து வெக்கட்டா?"

"வை" என்றேன்.

எல்லாச் சுற்றிலும் எடுத்தேன் என்பது நாக்கு நுனியில் நின்றது. சொல்லக்கூடாது என்றிருக்கிறாள். சொன்னாலும், அவள் கேட்காத ஒன்றை நான் சொன்னதாகத்தான் அது இருக்கும். பக்கத்து வீட்டுத் தறி சட்டென்று நின்றது. சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தித் தலையை அந்தப் பக்கம் சாய்த்து, அது மறுபடி ஓடத் தொடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குக் குழம்பு ஊற்றினாள்.